ஒரு தியேட்டர், மூணு பேய், கொஞ்சம் கதைத் திருட்டு

போன அக்டோபர் கடைசியில் எங்க ஆபீஸ்ல ஹாலோவீன் கொண்டாட்டம். பொங்கலுக்குக் கோலப்போட்டி, இதுக்கு மாறுவேடப்போட்டி, அவ்ளோதான் வித்தியாசம். பக்கத்து டீம் நண்பர் ஒருத்தர் கழுத்துக்குப் பின்னாடி விறைப்பா நிக்கிற காலர் வெச்ச கருப்பு அங்கியோட டிராகுலாவா வந்து நின்னார். இன்னொருத்தர் மூஞ்சியெல்லாம் பச்சைச் சாயம் பூசிக்கிட்டு ஃபிராங்கன்ஸ்டைன் பூதம். யார் என்ன கேட்டாலும் "உர்ர்ர்"தான் பதில். மேனேஜர் டெட்லைன் கேட்டப்பகூட "உர்ர்ர்". (நல்ல யோசனைதான். நானும் முயற்சி பண்ணலாம்னு இருக்கேன்.)

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கே! "இந்தக் காலர் நாவல்லயே கிடையாது தெரியுமா? அந்தப் பூதம் நாவல்ல பக்கம் பக்கமா வசனம் பேசும்"னு எடுத்து விட்டேன். ரெண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கே... உண்மையான பேயே பரவாயில்ல.

ஆனா மக்களே, விஷயம் உண்மை. காலரும் "உர்ர்ர்"ரும் புத்தகத்துல இருந்து வரலை, சினிமா கண்டுபிடிச்சதும் இல்லை. ரெண்டும் நாடக மேடையில் பிறந்தவை. அதுவும் இந்தக் கதைகளில் பாதி, லண்டனில் ஸ்ட்ராண்ட் சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் லைசியம் என்கிற ஒரே தியேட்டரைச் சுத்திச் சுத்தியே நடக்குது. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

இதைத் தோண்டிப் படிக்க ஒரு சொந்தக் காரணமும் உண்டு. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க ஊர் புளியமரத்துப் பேய் பத்தி இங்கே ஒரு பதிவு போட்டிருந்தேன். ராத்திரி வண்டி ஓட்டிட்டுப் போறவங்களை நிறுத்தி, வெத்தலைக்குச் சுண்ணாம்பு கேட்டு, உட்கார்ந்து தன் சோகக் கதையைச் சொல்லும் பேய். யாரோ ஒரு புண்ணியவான் அதை அப்படியே சுட்டு வாட்சப்பில் விட்டுட்டார். பேர் கிடையாது, லிங்க் கிடையாது. சுத்திச் சுத்தி அது எங்க குடும்பக் குரூப்புக்கே வந்தது. அனுப்பினது என் சித்தப்பா. "படிச்சுப் பாருடா, நீயும் எழுதுறியே" என்று ஒரு வரி வேற. அவ்வ்வ்வ்! அதைவிடக் கொடுமை, அந்த ஃபார்வர்டில் பேய் பேசவே இல்லை. ரத்தம் சொட்டச் சொட்டத் துரத்துது, அவ்வளவுதான். ஜனங்களுக்கு அதுதான் பிடிச்சிருந்தது.

ரெண்டு நாள் தூக்கம் வரலை. அப்புறம்தான் இதே அனுபவம் இன்னொருத்தங்களுக்கு 1823-லேயே நடந்திருக்குன்னு தெரிய வந்தது.

முதல் திருட்டு: ஒரு டாக்டரின் ரத்தக்காட்டேரி

கதை 1816-ல் ஆரம்பம். முந்தின வருஷம் ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடிச்சதில், அடுத்த வருஷம் ஐரோப்பாவில் கோடைக்காலமே சரியா வரலை. மழையும் குளிரும்தான். ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு பங்களாவில் கவிஞர் பைரன், அவரோட டாக்டர் பொலிடோரி, கவிஞர் ஷெல்லி, ஷெல்லியின் காதலி மேரி எல்லாரும் வெளியே போக முடியாம அடைஞ்சு கிடக்கிறாங்க. "ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம்" என்று பைரன் கிளப்பி விட்டார். மேரிக்கு அப்போ 18 வயசு. அவங்க எழுத ஆரம்பிச்சதுதான் ஃபிராங்கன்ஸ்டைன். பைரன் பாதியில் விட்ட ஒரு துணுக்கை எடுத்து, டாக்டர் பொலிடோரி 'தி வாம்பயர்' எழுதினார்.

பொலிடோரி கதை 1819-ல் ஒரு லண்டன் பத்திரிகையில் வந்தது. எழுதியவர் பேர்? பைரன்! பைரன் பேர் போட்டாதானே விற்கும். பைரன் நான் எழுதலைன்னு சொன்னார், பொலிடோரி நான்தான் எழுதினேன்னு சொன்னார். கேட்க ஆளில்லை. 1821-ல், 25 வயசில், பொலிடோரி செத்தே போனார்.

அதுக்குள்ள கதை மேடை ஏறியாச்சு. 1820-ல் முதலில் பாரீஸ், அதே வருஷம் ஆகஸ்டில் லண்டன். லண்டன் நாடகத்தை எழுதியவர் பிளான்ஷே. நடந்த இடம் இங்கிலீஷ் ஆப்பரா ஹவுஸ். லைசியத்துக்கு அப்போ அதுதான் பேர். பிளான்ஷே கதையை ஸ்காட்லாந்துக்கு மாத்திட்டார். ஸ்காட்லாந்துக்கும் ரத்தக்காட்டேரிக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணுமில்லை. தியேட்டர்காரர்கிட்ட ஸ்காட்லாந்து உடுப்புகள் ஏற்கெனவே ஸ்டாக்கில் இருந்தது :-)

இந்த நாடகத்தோட பெரிய கொடை ஒரு கதவு. 'வாம்பயர் டிராப்' என்று அதுக்குப் பேரே வெச்சுட்டாங்க. மேடைத் தரையிலோ சுவரிலோ ரெண்டு பலகை, பின்னாடி ஸ்பிரிங். நடிகர் அழுத்தினா திறக்கும், அவர் உள்ளே போனதும் பட்டுனு மூடிக்கும். பார்க்கிறவனுக்குப் பேய் சுவருக்குள்ள புகுந்து போன மாதிரி இருக்கும். பேயா நடிச்சவர் டி.பி. குக். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, அடுத்த காட்சியிலும் வர்றார்.

ரெண்டாவது: பேச்சை இழந்த பூதம்

ஃபிராங்கன்ஸ்டைன் நாவல் 1818 ஜனவரி 1-ந்தேதி வெளியானது. மூணு பாகம், மொத்தம் 500 பிரதி, எழுதியவர் பேரே இல்லாமல். அந்தப் பூதத்தை நாவலில் படிச்சவங்களுக்குத் தெரியும், அது முட்டாள் இல்லை. ஒரு ஏழைக் குடும்பம் பேசுறதை ஒளிஞ்சிருந்து கேட்டே மொழி கத்துக்கும். மில்டனின் காவியத்தைப் படிக்கும். தன்னைப் படைச்சவன் முன்னாடி நின்னு, "என்னை ஏன் உண்டாக்கினே, உண்டாக்கிட்டு ஏன் விட்டுட்டு ஓடினே"னு நியாயம் கேட்கும். நாவலோட உயிரே அந்தக் கேள்விதான்.

1823 ஜூலை 28. அதே இங்கிலீஷ் ஆப்பரா ஹவுஸில் பீக் என்பவர் எழுதிய 'பிரிசம்ப்ஷன். ஆர், தி ஃபேட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' அரங்கேறியது. பாட்டெல்லாம் உண்டு, நம்ம கணக்கில் மியூசிக்கல்னே சொல்லலாம். பூதம் நம்ம டி.பி. குக். உடம்பெல்லாம் வெளிர் நீலச் சாயம். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. எல்லாரும் பாடுறாங்க, பேசுறாங்க, பூதம் மட்டும் ஊமை. குக் ஊமை நடிப்பில் கில்லாடி, பின்னணி இசையே பூதத்தின் பேச்சு. ஒரு இடத்தில் அது முதல்தடவையா சங்கீதம் கேட்கும். சத்தம் எங்கேயிருந்து வருதுன்னு தெரியாம, காற்றைக் கையால் பிடிக்கப் பார்க்கும். நடிப்புன்னு பார்த்தா அபாரமான கற்பனை. ஆனா கேள்வி கேட்கும் வாய் போச்சு.

வேற சிலதும் சேர்த்தார் பீக். விஞ்ஞானிக்கு ஃபிரிட்ஸ் என்று ஒரு காமெடி வேலைக்காரன். உயிர் வந்ததும் விஞ்ஞானி "உயிர் வந்துடுச்சு"ன்னு கத்துற காட்சி. ரெண்டுமே நாவலில் கிடையாது. நாவலில் அவன் தனியாத்தான் வேலை பார்ப்பான், உயிர் வந்ததும் பயந்து படுக்கையறைக்கு ஓடிடுவான். இன்னிக்கு யாரைக் கேட்டாலும் இந்தக் கதையில் முதலில் ஞாபகம் வர்றது அந்த உதவியாளும் அந்தக் கத்தலும்தான். ரெண்டும் பீக் செஞ்ச வேலை.

ஒழுக்கம் கெட்டுப் போகுது, இந்த நாடகத்துக்குப் போகாதீங்கன்னு துண்டுப் பிரசுரம் கொடுத்தாங்க. அப்புறம் என்ன, கூட்டம் அலைமோதியது.

இந்த நேரத்தில் மேரி எங்கே? ஷெல்லி 1822-ல் இத்தாலியில் கடலில் மூழ்கி இறந்துட்டார். கைக்குழந்தைகளில் மூணைப் பறிகொடுத்து, மிஞ்சின ஒரே பையனைக் கூட்டிக்கிட்டு, கையில் காசில்லாம 1823 ஆகஸ்ட் கடைசியில் லண்டன் வந்து இறங்குறாங்க. வந்து பார்த்தா ஊரே தன் கதையைப் பேசுது. ஆகஸ்ட் 29-ந்தேதி அப்பா காட்வினோடு போய் நாடகம் பார்த்தாங்க. மறுநாள் அவங்களுக்கு 26-வது பிறந்தநாள்.

நம்மள மாதிரி குதிச்சாங்களா? இல்லை. ஒரு நண்பருக்கு எழுதின கடிதத்தில், நான் பிரபலம் ஆகிட்டேன் போல என்று சந்தோஷமா எழுதியிருக்காங்க. கதையைச் சரியா கையாளலைன்னு ஒரு குறை. குக் நடிப்புக்குப் பாராட்டு. நோட்டீஸில் பூதத்தோட பேர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தாங்க. பேர் இல்லாததுக்கு இப்படிப் பேர் வெச்சது நல்லா இருக்குன்னு அதையும் ரசிச்சிருக்காங்க.

பணம்? ஒரு பைசா வரலை. நாவலை யார் வேணா நாடகமாக்கலாம், கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அன்றைய நிலைமை. நாடக ஆசிரியருக்கே மேடை உரிமை 1833-ல்தான் சட்டப்படி கிடைச்சது. நாவலாசிரியருக்கு அது முழுசா வர 1911 வரை ஆச்சு.

ஆனா ஒண்ணு நடந்தது. நாடகம் ஓடுற சூட்டிலேயே அப்பா காட்வின் நாவலின் இரண்டாம் பதிப்புக்கு ஏற்பாடு பண்ணினார். 1823 ஆகஸ்டில் வந்த அந்தப் பதிப்பில்தான் இங்கிலாந்தில் முதல்முறையா 'மேரி ஷெல்லி' என்ற பேர் அட்டைக்கு உள்ளே அச்சானது. திருடின நாடகம்தான் அந்தப் பேரைக் கொண்டு வந்து சேர்த்தது. இதைப் படிச்சப்போ எனக்கு என்ன நினைக்கிறதுன்னே தெரியலை.

மூணாவது: மேடையிலேயே மாறின மனுஷன்

இதைச் சீக்கிரம் சொல்லிடறேன். பழைய கட்டிடம் 1830-ல் எரிஞ்சு போய், 1834-ல் கொஞ்சம் தள்ளி புது லைசியம் வந்தாச்சு. 1888 ஆகஸ்டில் அமெரிக்க நடிகர் ரிச்சர்ட் மான்ஸ்ஃபீல்ட் அங்கே 'டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்' போட்டார். ஸ்டீவன்சனின் கதை 1886-ல் வந்தது. நாடகம் எழுதிய சல்லிவன் அவர்கிட்ட அனுமதி கேட்டு எழுதியவர். (கேட்டா கொடுக்கிறவங்களும் இருக்காங்கப்பா!) மான்ஸ்ஃபீல்ட் ஜனங்க கண்ணு முன்னாடியே டாக்டரில் இருந்து ஹைடா மாறுவார். உடம்பை வளைக்கிற விதமும் வெளிச்சமும்தான் முக்கிய ரகசியம். கதையில் இல்லாத ஒரு காதலியும் ஜெக்கிலுக்குக் கிடைச்சது மேடையில்தான். பின்னாடி வந்த சினிமாக்களும் காதலியை விடவே இல்லை.

நாடகம் ஓடிட்டிருந்த அதே மாசம் லண்டன் கிழக்கில் ஜாக் தி ரிப்பர் கொலைகள் ஆரம்பிச்சது. மேடையில் இவ்வளவு தத்ரூபமா கொலைகாரனா மாறுறவன்தான் கொலைகாரனா இருக்கணும்னு ஒருத்தர் போலீசுக்கே கடுதாசி போட்டார். செப்டம்பர் கடைசியோட மான்ஸ்ஃபீல்ட் அந்த நாடகத்தை நிறுத்திட்டார்.

திரும்ப முதல் பேய்: காலர் முளைத்த கதை

மான்ஸ்ஃபீல்டுக்கு லைசியத்தை விட்டது யார்? பெரிய நடிகர் ஹென்றி இர்விங். தியேட்டர் அவர் கையில் இருந்தது. அங்கே 1878-ல் இருந்து மேனேஜரா கணக்கு வழக்கு பார்த்தவர் ஒரு அயர்லாந்துக்காரர். பகலெல்லாம் டிக்கெட் வசூல், கடிதப் போக்குவரத்து. மிச்ச நேரத்தில் நாவல். ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு ராத்திரி பதிவு எழுதுற நம்ம ஜாதி :-) அவர்தான் பிராம் ஸ்டோக்கர்.

டிராகுலா நாவல் 1897 மே 26-ந்தேதி வெளியானது. அதுக்கு எட்டு நாள் முன்னாடி, மே 18, லைசியத்தில் டிராகுலா நாடகம் நடந்தது. விளம்பரம் கிட்டத்தட்ட கிடையாது, பார்க்க ஆளும் கிடையாது. சிப்பந்திகளும் சின்ன நடிகர்களும் மேடையில் நின்னு வாசிச்சாங்க. 40-க்கும் மேல காட்சி, நாலு மணி நேரம். எதுக்கு இந்தக் கூத்து? புத்தகம் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை மேடை ஏத்திட்டா, நாடக உரிமையும் எழுதினவனுக்கே. வேற எவனும் பீக் வேலை பார்க்க முடியாது. தியேட்டர்லயே வேலை பார்த்தவருக்குத் தெரியாதா என்ன? கையெழுத்துப் பிரதியைப் பார்த்தா சிரிப்பு வரும். அச்சகத்தில் இருந்து வந்த புரூஃபைக் கத்தரிச்சு ஒட்டி, நடுவில் கையால் எழுதியிருக்கார். நிஜமான கட் அண்ட் பேஸ்ட். ஆனா சொந்தச் சரக்கு.

இர்விங் நடிக்கணும்னு ஸ்டோக்கருக்கு ஆசை இருந்ததாச் சொல்வாங்க. இர்விங் எட்டிப் பார்த்துட்டு "படு மோசம்"னு சொன்னதா ஒரு கதை உண்டு. நடிக்கவே இல்லை. ஸ்டோக்கர் 1912-ல் இறந்தார், டிராகுலா மேடையில் ஜெயிச்சதைப் பார்க்காமலேயே.

இங்கே அவர் மனைவி ஃபுளோரன்ஸ் உள்ளே வர்றாங்க. 1922-ல் ஜெர்மனியில் 'நாஸ்ஃபெராட்டு' சினிமா வந்தது. டிராகுலா பேரை ஆர்லாக்னு மாத்திட்டு, கதையை அப்படியே சுட்டிருந்தாங்க. அந்த அம்மா விடலை. வழக்கு நடத்தி, 1925-ல் எல்லாப் பிரதியையும் அழிக்கணும்னு கோர்ட் உத்தரவே வாங்கிட்டாங்க. (சில பிரதிகள் தப்பிச்சதாலதான் இன்னிக்கு அது உலக சினிமா கிளாசிக். அந்த அம்மா பக்கமும் நியாயம் இருக்கு, படம் பிழைச்சதும் நல்லதுக்குத்தான். ரெண்டும் உண்மைன்னா என்ன செய்ய?)

அதே நேரம், ஒழுங்கா வந்து அனுமதி கேட்ட ஒருத்தருக்கு உரிமை கொடுத்தாங்க. அவர் ஹாமில்டன் டீன், ஊர் ஊரா நாடகம் போடுறவர். 1924-ல் டெர்பி நகரில் அவரோட டிராகுலா அரங்கேறியது. நாவலில் டிராகுலா நீண்ட வெள்ளை மீசை வெச்ச கிழவன், உள்ளங்கையில் முடி, வாயில் நாத்தம். பாதிக் கதையில் ஆளையே காணோம். மேடைக்கு அது சரிப்படுமா? வரவேற்பறைக்குள்ள வந்து உட்கார்ந்து பேசணுமே. அதனால டீன் அவரைக் குளிப்பாட்டி, நல்ல சூட் மாட்டி, மேல ஒரு அங்கியும் போட்டு விட்டார்.

அப்புறம் அந்தக் காலர். டிராகுலாவைச் சுத்தி வளைச்சுப் பிடிக்கிற காட்சியில் அவர் மாயமா மறையணும். நடிகர் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நிப்பார். உயரமான காலர் அவர் தலையை மறைச்சிடும். மத்தவங்க அங்கியைப் பிடிச்சிருப்பாங்க. அந்த நொடியில் அவர் தரைக்கதவு வழியா நழுவிடுவார். கையில் வெறும் அங்கி! அவ்வளவுதாங்க விஷயம். பின்மண்டையை மறைக்கத்தான் காலர். அங்கிருந்து சினிமாவுக்குப் போய், எங்க ஆபீஸ் வரைக்கும் வந்துடுச்சு.

1927 பிப்ரவரியில் நாடகம் லண்டனுக்கு வந்தது. விமர்சகர்கள் கிழிச்சாங்க, ஜனங்க குவிஞ்சாங்க. மயக்கம் போட்டா கவனிக்க நர்ஸை உட்கார வெச்சது நல்ல விளம்பர உத்தி. அதே வருஷம் அக்டோபர் 5-ந்தேதி, பால்டர்ஸ்டன் திருத்தி எழுதின வடிவம் நியூயார்க் பிராட்வேயில் ஏறி 261 காட்சி ஓடியது. டிராகுலா, ஹங்கேரிக்காரர் பெலா லுகோசி. 1931 சினிமாவிலும் அவரேதான்.

அதே 1931-ல் ஃபிராங்கன்ஸ்டைன் சினிமாவும் வந்தது. அதுவும் நாவலில் இருந்து நேரா வரலை. டீன் குழுவுக்காக பெக்கி வெப்ளிங் என்ற அம்மா 1927-ல் எழுதின நாடகத்தின் உரிமையை வாங்கித்தான் எடுத்தாங்க. பூதத்துக்கே ஃபிராங்கன்ஸ்டைன்னு பேர் வெச்சது வெப்ளிங்கின் நாடகம். படத்தில் உதவியாளன் பேர் ஃபிரிட்ஸ், பூதம் ஊமை. 108 வருஷத்துக்கு முந்தின பீக்கின் கைவண்ணம் அப்படியே நிக்குது.

லைசியம் என்ன ஆச்சு? 1939-ல் டீன் தானே டிராகுலா வேஷம் கட்டி அங்கேயே அந்த நாடகத்தைப் போட்டார். வெறும் நாற்காலிகளுக்கு முன்னாடி வாசிச்சு 42 வருஷம் கழிச்சு டிராகுலா பிறந்த வீட்டுக்கு வந்தாச்சு. அதே வருஷம் தியேட்டரை மூடிட்டாங்க. பிறகு நடனக் கூடமாகி, 1996-ல் புதுப்பிச்சு, 1999-ல் இருந்து அங்கே 'தி லயன் கிங்' ஓடுது. பேய் போய் சிங்கம்.

பூதம் திரும்பப் பேசியது

2020 லாக்டவுன்ல லண்டன் நேஷனல் தியேட்டர் தன் நாடகப் பதிவுகளை யூடியூபில் இலவசமா விட்டுது. அதில் 2011-ல் நிக் டியர் எழுதி டேனி பாயில் இயக்கிய ஃபிராங்கன்ஸ்டைனும் ஒண்ணு. பெனடிக்ட் கம்பர்பாட்சும் ஜானி லீ மில்லரும் ஒரு நாள் இவர் பூதம், ஒரு நாள் அவர் பூதம்னு மாத்தி மாத்தி நடிச்சாங்க. படைச்சவனும் படைப்பும் ஒரே நாணயம்தான் என்பதை இதைவிட எப்படிச் சொல்றது?

நாடகம் பூதம் பிறக்கிறதில் ஆரம்பிக்கும். விஞ்ஞானி எட்டிப் பார்த்துட்டு ஓடிடுவான். தரையில் கிடந்து, தவழ்ந்து, எழுந்து நின்னு, முதலில் வெறும் முனகல்தான். நான்கூட "சரி, உர்ர்ர்தான்"னு நினைச்சேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வார்த்தை வருது. கடைசியில் மேரி எழுதின அந்தக் கேள்வியை அது கேட்டே விடுது. 1823-ல் மேடை பிடுங்கின நாக்கை 188 வருஷம் கழிச்சு மேடையே திருப்பிக் கொடுத்தது. ஹெட்போன் மாட்டிக்கிட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். சத்தியமா கண் கலங்கிடுச்சு.

இந்த ஹாலோவீனுக்கு ஒண்ணே ஒண்ணு பார்க்கணும்னா இதைத் தேடிப் பாருங்க. கூத்தடிக்கணும்னா 1973-ல் லண்டன் ராயல் கோர்ட்டின் மாடி அரங்கில், 63 இருக்கைக்கு முன்னாடி பிறந்த 'தி ராக்கி ஹாரர் ஷோ'. அதுவும் ஃபிராங்கன்ஸ்டைன் பேரன்தான். லேப், கூனல் முதுகு வேலைக்காரன் எல்லாம் ஆஜர், பாட்டு சூப்பர்.

சரி, என் புளியமரத்துப் பேய்க்கு வர்றேன். மாத்தினவன் மேல எனக்கு இப்போ கோபம் இல்லை. மாத்தாம எந்தக் கதையும் ஊர் தாண்டாது போல. பேரை வெட்டினதுதான் தப்பு. கேட்டு எடுத்தா ஃபுளோரன்ஸ் அம்மாவே உரிமை கொடுத்திருக்காங்க. இதை நல்லா காட்டமா எழுதி சித்தப்பாவுக்கு அனுப்பலாம்னு, என் பழைய பதிவைத் திறந்து படிச்சேன்.

முதல் வரி: "எங்க ஊர்ல ஒரு கதை சொல்வாங்க." ஊர்ல யாரும் சொல்லலை. சொன்னது எங்க அப்பத்தா. கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு, பேய் குரலையும் அவங்களே பேசி, எனக்கு மட்டும் சொன்னது. நான் போடலை அந்தப் பேரை. நானும் பீக்தான்.

அந்தப் பதிவில் இன்னிக்கு அப்பத்தா பேரைச் சேர்த்துட்டேன். காட்டமான கடிதம் அனுப்பலை.

டிஸ்கி: இந்தப் பதிவைச் சுட நினைக்கும் நல்லுள்ளங்களுக்கு, தாராளமா எடுத்துக்கோங்க. பேரை மட்டும் விட்டுடாதீங்க. முக்கியமா, பூதத்தைப் பேச விடுங்க.